ராக்கிங்ஹாம் நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடுவது எப்படி

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரே ஒரு ஆசை. அவருடைய முன்னோர் 1750களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லின்வில் ஓடைக்கரையில் வாங்கிய நிலத்தின் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நிலம் இன்று ராக்கிங்ஹாம் கவுண்டியில் இருக்கிறது (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அதனால் நானும் அந்தக் கவுண்டியின் பதிவேடுகளில் இரண்டு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. அப்போது ராக்கிங்ஹாம் என்ற கவுண்டியே கிடையாது.

நீங்கள் அந்த இரண்டு மாதத்தை வீணாக்க வேண்டாம். கவுண்டியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, ஓடையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நிலம் அங்கேயேதான் இருந்தது, அதன் பத்திரத்தைப் பதிவு செய்யும் கவுண்டிக் கோர்ட் எது என்பதுதான் மாறியது.

அப்புறம் அந்த ஓடைக்கு ஒரு ஆண்டுக்கணக்கு போடுங்கள். 1734இல் ஸ்பாட்சில்வேனியா கவுண்டியிலிருந்து ஆரஞ்சு கவுண்டி பிரிந்தது. அந்தக் காலத்தில்தான் பென்சில்வேனியாவிலிருந்து ஜெர்மானியர்களும் ஸ்காட்-ஐரிஷ் மக்களும் லின்வில் ஓடை ஓடும் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இறங்கிக் குடியேறினார்கள். புளூ ரிட்ஜ் மலைக்கு மேற்கே அகஸ்டா, பிரெடெரிக் என்று இரண்டு கவுண்டிகளை அமைக்க 1738இல் சட்டம் வந்தது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சட்டம் வந்த அன்றே கவுண்டி நடக்கத் தொடங்கிவிடவில்லை. அகஸ்டாவின் கோர்ட் முதன்முதலாகக் கூடியது 1745 டிசம்பரில், இன்றைய ஸ்டான்டன் நகரில். அதுவரை ஆரஞ்சு கோர்ட்தான். ஆக, 1740இல் எழுதிய பத்திரத்தை மலையைத் தாண்டி ஆரஞ்சில் தேட வேண்டும், 1755 பத்திரத்தை அகஸ்டாவில் தேட வேண்டும். ராக்கிங்ஹாம் பிரிந்தது 1778இல்.

ராக்கிங்ஹாம் ஏடுகளுக்கு ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஜூன் மாதம், ஏடுகளை ஒளித்துவைக்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வடபடையினர் வண்டிக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஓரம் கருகித் தப்பிய பக்கங்களைப் பார்த்தால் மனசு கனத்துவிடும். அகஸ்டா ஏடுகளோ 1745 முதல் அழியாமல் இருக்கின்றன. எல்லை பிந்தி மாறியதே பெரியவரின் பத்திரத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் அரசரின் பெயரில் வழங்கிய முதல் பட்டா வேண்டுமென்றால் எந்தக் கவுண்டிக்கும் போக வேண்டாம். அவை வர்ஜீனியாவின் தலைநகரில் பதிவானவை. இன்று ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன.

பெயரைக் காதால் தேடுங்கள். ஜெர்மன் பெயரை ஆங்கில எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், சில சமயம் அர்த்தத்தையே மாற்றி எழுதியிருப்பார். ட்ஸிம்மர்மான் என்ற தச்சர் குடும்பப் பெயர் கார்பென்டர் ஆகியிருக்கும்.

பத்திரம் கையில் கிடைத்ததும் ஐந்து ஷில்லிங் என்று பார்த்து, நிலம் இவ்வளவு மலிவா என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு பத்திரம் எழுதுவது அன்றைய வழக்கம். முதல் நாள் அந்த ஐந்து ஷில்லிங்குக்குப் பெயரளவுக்கு ஓராண்டுக் குத்தகை. வாடகை ஒரு மிளகு, அல்லது ஒரு மக்காச்சோளக் கதிர். மறுநாள் எழுதிய விடுதலைப் பத்திரத்தில்தான் உண்மையான விலை இருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

நான்கெல்லையை மரங்களை வைத்துச் சொல்லியிருப்பார்கள்: இந்த வெள்ளை ஓக்கிலிருந்து இத்தனை ‘போல்’ தூரம், அங்கே ஒரு ஹிக்கரி மரம் என்று. ஒரு போல் என்பது பதினாறரை அடி, 320 போல் ஒரு மைல். கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள். கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால், கிட்டத்தட்டச் சரி. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது என்பதையும் மறக்க வேண்டாம்: 1747 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1748.

பெரியவரின் பத்திரம் அகஸ்டா ஏட்டில்தான் இருந்தது, வேறு எழுத்துக்கூட்டலில். எழுத்தர் எடுத்துவைத்த நகல் அது. பெரியவர் முன்னோரின் பெயரைத் தேடவில்லை. லின்வில் என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.