அகாடமி பையன் மெயின் டீமுக்கு எப்போ வருவான்? கணிக்கறது எப்படி

ஃபுட்பால்ல ஒவ்வொரு சீசனும் இது நடக்குது. கிளப் சின்ன பசங்கள வளக்கற அகாடமில, அண்டர் 18 டீம்ல ஒரு பையன் வரிசையா கோல் போடுவான், அவன் வீடியோ எல்லா பக்கமும் சுத்தும், உடனே "இவன ஏன் இன்னும் இறக்கல, மேனேஜருக்கு கண்ணு தெரியலயா"ன்னு சண்டை ஆரம்பிச்சுடும். அவன் வருவானா, வந்தா எப்போன்னு ஓரளவுக்கு நாமளே கணிக்கலாம், இங்கிலாந்தோட டாப் லீக்கான ப்ரீமியர் லீக் கிளப்புகள வச்சு எதெத பாக்கணும்னு சொல்றேன்.

முதல்ல அவன் எத்தன கோல் போட்டான்னு எண்ணாதீங்க, அவன் ஆடற இடத்துல அவனுக்கு முன்னாடி எத்தன பேர் நிக்கறாங்கன்னு எண்ணுங்க. இதுதான் பாதி விஷயம். 2016 பிப்ரவரில மான்செஸ்டர் யுனைடெட்ல கோல் அடிக்கற ஃபார்வர்டு ரூனிக்கு இஞ்சுரி, யூரோப்பா லீக் மேட்சுக்கு வார்ம் அப் பண்ணும்போது மார்ஷியலுக்கும் அடி, வேற ஆளே இல்லாம 18 வயசு அகாடமி பையன் ரஷ்ஃபோர்ட இறக்குனாங்க, அன்னிக்கு ரெண்டு கோல், மூணு நாள் கழிச்சு ஆர்சனல் மேல இன்னும் ரெண்டு. அந்த திறமை அதுக்கு ஒரு வாரம் முன்னாடியும் அவன்கிட்ட இருந்துச்சு, இடம்தான் காலியா இல்ல. லிவர்பூல்லயும் அதே கதைதான், 2017ல கிளைன் முதுகு இஞ்சுரில உக்காந்ததும் ரைட் பேக் (வலது ஓர டிஃபென்ஸ்) இடம் அகாடமி பையன் ட்ரென்ட் அலெக்ஸாண்டர் ஆர்னால்டுக்கு வந்துச்சு, அந்த சீசன் முடியும்போது சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஸ்டார்ட் பண்றான். அப்புறம் 2024 ஜனவரில அந்த ட்ரென்டுக்கே இஞ்சுரி ஆனப்போ இன்னொரு அகாடமி பையன் கானர் பிராட்லி உள்ள வந்து செல்சி மேல ஒரு கோல், ரெண்டு அசிஸ்ட். அதனால உங்க டீம்ல எந்த இடத்துல ஆள் கம்மி, யாருக்கு வயசாகுது, யாரு அடிக்கடி இஞ்சுரி ஆகறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, அந்த இடத்துக்கு நேரா அகாடமில யார் இருக்காங்கன்னு பாருங்க.

இதுலயே ஒரு கிளை விஷயம். பையன் அகாடமில ஆடற இடத்துலயேதான் மேல வருவான்னு நினைக்காதீங்க. மைல்ஸ் லூயிஸ் ஸ்கெல்லி ஆர்சனல் அகாடமில மிட்ஃபீல்டர், 2024-25 சீசன்ல மெயின் டீம்ல நின்னது லெஃப்ட் பேக்ல. ட்ரென்டும் சின்ன வயசுல மிட்ஃபீல்டுல ஆடினவன்தான். அண்டர் 21 மேட்ச்ல ஒரு மிட்ஃபீல்டர திடீர்னு நாலஞ்சு மேட்ச் ஃபுல் பேக்ல (ரைட் பேக் இல்ல லெஃப்ட் பேக்) போட்டா அது கோச் விளையாட்டுக்கு பண்றது இல்ல, மேல இருந்து யாரோ கேட்டிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

அடுத்தது பெஞ்ச். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ப்ரீமியர் லீக்ல ஆட கிளப் பதிவு பண்ற 25 பேர் லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, ஆனா 21 வயசுக்கு கீழ உள்ளவங்கள அந்த லிஸ்ட்ல எழுதவே வேணாம், எப்ப வேணா கூட்டிக்கலாம். பெஞ்ச்ல 9 பேர் உக்காரலாம். ரெண்டையும் சேத்து பாருங்க, இஞ்சுரி அதிகமா இருக்கற வாரத்துல பெஞ்ச நிரப்பவே ரெண்டு மூணு பசங்கள கூட்டிட்டு வருவாங்க, அதுக்கு பெருசா அர்த்தம் இல்ல. அர்த்தம் எங்க இருக்குன்னா, அதே வாரம் அண்டர் 21 மேட்சும் இருக்கும்போது அவன அங்க அனுப்பாம மெயின் டீமோடயே வச்சுக்கறாங்களா, ஒரு மாசம் தொடர்ந்து அப்படி பண்றாங்களா, அங்க பாருங்க. அப்படி வச்சுக்கிட்டா மேனேஜர் அவன நிஜமாவே யூஸ் பண்ண நினைக்கறாருன்னு அர்த்தம்.

இறக்கும்போதும் எந்த நிமிஷம்னு பாருங்க. 4-0ல 88வது நிமிஷம் இறக்கறது பையனுக்கும் அவன் வீட்டுக்கும் சந்தோஷம், அவ்ளோதான். 1-1ல 65வது நிமிஷம் இறக்குனா அது நம்பிக்கை. ப்ரீ சீசன்லயும் (லீக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆடற பிராக்டிஸ் மேட்ச்) இதே மாதிரி, சீனியர் பிளேயர்ஸ் கூட ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆடறானா இல்ல மொத்த டீமையும் மாத்தின அப்புறம் மத்த பசங்க கூட ஆடறானான்னு கவனிங்க. 2023 ஜூலைல யுனைடெட் அகாடமி பையன் கோபி மைனூவ ரியல் மாட்ரிட் கூட ஸ்டார்ட் பண்ண வச்சாங்க, ஆரம்பத்துலயே இஞ்சுரி ஆகி வெளிய போனான், நிறைய பேர் அதோட மறந்துட்டாங்க. நவம்பர்ல எவர்ட்டன் கிரவுண்ட்ல ப்ரீமியர் லீக் ஸ்டார்ட், அடுத்த மே மாசம் எஃப்ஏ கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டி மேல கோல். ஜூலைலயே சொல்லிட்டாங்க, பாத்தவங்களுக்கு புரிஞ்சிருக்கும்.

ரொம்ப சின்ன வயசுல டெபியூ (முதல் மேட்ச்) ஆச்சுன்னா நாளைக்கே ஸ்டார்னு கணக்கு போடாதீங்க, இத நான் அழுத்தி சொல்றேன். ஆர்சனலோட ஈதன் ந்வானேரி 2022 செப்டம்பர்ல பிரென்ட்ஃபோர்ட் கூட இறங்கினப்போ வயசு 15 வருஷம் 181 நாள், ப்ரீமியர் லீக்லயே ரொம்ப சின்ன பையன். அதுக்கப்புறம் லீக்ல அடுத்த தடவ இறங்கினது 2024 பிப்ரவரி, வெஸ்ட் ஹாம் கூட. நடுவுல ஒண்ணர வருஷம். அந்த ஒண்ணர வருஷம் வீணா போகல, உடம்பு வளரணும், ஸ்கூல் முடிக்கணும், பெரியவங்க கூட மோதுற பலம் வரணும். நடுவுல பையன் காணாம போனா "ஊதி பெருசாக்குனாங்க"ன்னு திட்றது ரொம்ப தப்பு, 16 வயசு பையன் அத படிப்பான்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

பெரியவங்க கூட மோதுறதுன்னு சொன்னேன்ல, அது எப்படி இருக்கும்னு பாக்க இஎஃப்எல் டிராஃபி நல்ல இடம். 2016ல இருந்து பெரிய அகாடமிகளோட அண்டர் 21 டீம்கள் லீக் ஒன், லீக் டூ (இங்கிலாந்துல மூணாவது, நாலாவது லெவல்) கிளப்புகளோட அதுல மோதுது. 30 வயசு சென்டர் பேக் முட்டித் தள்றப்போ பந்த வச்சுக்கறானா? அண்டர் 18ல போட்ட அஞ்சு கோல விட எனக்கு அந்த ஒரு ராத்திரி மேட்ச் அதிகம் சொல்லும்.

லோன் போனா, அதாவது கொஞ்ச நாளைக்கு வேற கிளப்புக்கு ஆட அனுப்பினா, கைய விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. பிராட்லி 2022-23 முழுக்க போல்ட்டன்ல லீக் ஒன் ஆடிட்டுதான் வந்தான். செல்சி அகாடமி பசங்கள்ல ரீஸ் ஜேம்ஸ் விகன்ல ஒரு சீசன், மேசன் மவுண்ட் விட்டெஸ்ஸ, டெர்பின்னு ரெண்டு சீசன், 2019ல செல்சிக்கு டிரான்ஸ்ஃபர் தடை வந்து புது ஆள் வாங்க முடியாம போனப்போ இவங்க ரெடியா இருந்தாங்க. டாட்டன்ஹாம்ல வளந்த ஹாரி கேன் லோன்ல நாலு கிளப் சுத்தினான், லெஸ்டர்ல நிறைய மேட்ச் பெஞ்ச்லதான் உக்காந்தான். லோன் கிளப் பேர் பெருசா சின்னதாங்கறத விட வாரம் 90 நிமிஷம் ஆடறானா, மெயின் கிளப் ஆடற ஸ்டைல் அங்கயும் இருக்கான்னு பாருங்க. பெஞ்ச்லயே உக்காந்திருந்தா ஜனவரில கூப்பிட்டு வேற இடம் அனுப்புவாங்க, அப்படி கூப்பிடாம விட்டாதான் கவலப்படணும்.

கடைசியா காசு, இது நிறைய பேர் பாக்கறதே இல்ல. அகாடமி பையன வாங்க கிளப் டிரான்ஸ்ஃபர் ஃபீஸ்னு எதுவும் குடுக்கல, அதனால வித்தா வர்ற மொத்த தொகையும் கணக்குல லாபமா ஏறும். வெளிய இருந்து வாங்கினவன வித்தா அப்படி ஏறாது. 2023ல கோல் பால்மர் சிட்டில இருந்து செல்சி போனது, 2024ல கேலகர் செல்சில இருந்து அட்லெடிகோ போனது, மெக்டோமினே யுனைடெட்ல இருந்து நாப்போலி போனது எல்லாத்துலயும் இந்த கணக்கும் பின்னாடி இருந்துச்சு. மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, கிளப்போட வரவு செலவ கணக்கு பாக்கற விதி, வீட்டு பையனயே முதல்ல விக்க வேண்டிய மாதிரி இருக்கு. அதனால கான்ட்ராக்ட் எப்போ முடியுதுன்னு பாத்து வைங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கம்மியா இருந்து, புது கான்ட்ராக்ட் பத்தி பேச்சே இல்லாம, அதே இடத்துக்கு கிளப் வெளிய ஆள் தேடுதுன்னா, பையன் நல்லா ஆடினாலும் சம்மர்ல போயிடுவான்னு எதிர்பாருங்க. புது கான்ட்ராக்ட் போட்டு, அந்த இடத்துல இருந்த சீனியர் ஒருத்தர அதே டிரான்ஸ்ஃபர் விண்டோல (ஆள் வாங்கி விக்கற காலம்) வித்தாங்கன்னா ஆகஸ்ட் முதல் மேட்ச் லிஸ்ட்லயே அவன் பேர தேடுங்க.