கோப்புச் சேமிப்பு வழுவை முறையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கோப்பு சேமிக்கப்படவில்லை, உதவவும்" என்ற ஒற்றை வரி முறைப்பாட்டுக்குப் பதில் வராமற் போவதற்கு மறுமுனையில் மென்பொருளைப் பராமரிப்பவரின் அலட்சியம் காரணமன்று. தமது கணினியில் அதே வழுவை, அதாவது மென்பொருள் கோளாற்றை, வரவழைத்துப் பார்க்காதவரை அவரால் எதையும் திருத்த முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆய்வு மாணவர்களின் தரவு வேலைகளுக்கு உதவிவரும் நான், நல்ல முறைப்பாடுகள் இந்த ஒரு குறையாலேயே வீணாவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

முதலாவது தவறு, சேமித்ததில் பிழையா, திறந்ததில் பிழையா என்று பிரித்துப் பார்க்காமல் எழுதுவது. வலிகாமத்துச் சின்ன வெங்காயச் செய்கை பற்றிய கணக்கெடுப்பொன்றை ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகச் சேமித்த மாணவி ஒருவர், கோப்பாய், உரும்பிராய் என்றிருந்த ஊர்ப்பெயர்கள் எக்செலில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாக மாறிவிட்டன என்று முறையிடப் புறப்பட்டார். அதே கோப்பை நோட்பேடில் திறந்தபோது ஊர்ப்பெயர்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆர் யூனிகோடில் (எழுத்துகளை இலக்கங்களாகப் பதியும் பொதுக் குறிமுறையில்) சரியாக எழுதிய கோப்பை எக்செல் வேறு குறிமுறையில் வாசித்ததே சிக்கல். அதை ஆர் குழுவினரிடம் முறையிட்டுப் பயனில்லை. மாறாக, ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாகக் கோண அடைப்புக்குள் அதன் யூனிகோட் இலக்கம் நோட்பேடிலும் தெரிந்தால், கோப்பு எழுதப்பட்டபோதே பழுதாகியிருக்கிறது.

அப்படியானாலும் உடனே எழுதிவிடக் கூடாது. விண்டோஸில் ஆர் நெடுங்காலம் இவ்வாறுதான் தமிழைச் சிதைத்தது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பு, விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் யூனிகோடை இயல்பான குறிமுறையாக்கி அதைத் தீர்த்தது. ஆகவே புதிய பதிப்பை நிறுவிப் பார்க்காமல் முறையிடுவது, தீர்ந்த வழக்கை மீண்டும் மன்றுக்குக் கொண்டுபோவதற்கு ஒப்பாகும். வரம்பை வழு என்று கருதுவதும் இத்தகையதே. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் மாறியின் (தரவு நிரலின்) பெயருக்கு 64 பைட்டுகளையே அனுமதிக்கிறது. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியொன்றுக்கு (துணையெழுத்தும் புள்ளியும் தனிக் குறிகள்) 3 பைட்டுகள் செல்வதால், "குடும்பத்தலைவரின்_தொழில்" என்ற பெயர் 70 பைட்டுகளாகி வரம்பைத் தாண்டிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பாரதூரமான தவறு, உண்மையான தரவுக்கோப்பை முழுமையாக இணைத்து அனுப்புவது. நம்மை நம்பி வீட்டு வாசலில் விபரம் சொன்னவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முன்பின் அறியாதவர்களின் கைக்குப் போகக் கூடாது. மூன்று வரிகள் கொண்ட கற்பனை அட்டவணையொன்றைச் செய்து, அதிலும் வழு தோன்றுகிறதா என்று பாருங்கள். பின்னர் வரிகளையும் நிரல்களையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போனால், ஊர்ப்பெயர் நிரலோ, கோப்புறையின் தமிழ்ப் பெயரோ, சேமிக்கும் கட்டளையோ, எது காரணம் என்பது பெரும்பாலும் உங்களுக்கே வெளிப்பட்டுவிடும்.

பிழைச் செய்தியைத் தமிழில் மொழிபெயர்த்தோ, திரையைக் கைப்பேசியில் படமெடுத்தோ அனுப்ப வேண்டாம். எழுத்துப் பிசகாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். மென்பொருள், இயங்குதளம், பொதிகள் (மென்பொருளுடன் கூடுதலாக நிறுவும் துணைத் தொகுப்புகள்) ஆகியவற்றின் பதிப்பு இலக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரில் செஷன் இன்ஃபோ, அதாவது sessionInfo(), என்ற கட்டளை இவையனைத்தையும் ஒரே தடவையில் தந்துவிடும். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டையும் எழுத வேண்டும்.

சேமிக்கும் கட்டளை ஒரு பொதிக்கு உரியதாயின் முறைப்பாடு அப்பொதியைப் பராமரிப்பவருக்கே செல்ல வேண்டும். ஆர் மையக் குழுவுக்கு அனுப்பினால் வீண் தாமதமே மிஞ்சும். அனுப்பிய பின்னர், திருத்திய பதிப்பைச் சோதித்துச் சொல்லுமாறு அவர் கேட்கக்கூடும் என்பதால், வழுவைக் காட்டும் அந்தச் சிறு கட்டளைத் தொகுப்பை அழித்துவிடாமல் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.