பிபிஏ ஒப்படைப்புக்கு எந்த நிறுவனம்?

நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று விரிவுரையாளர் சொன்னால், சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒன்றை எடுங்கள். ஆண்டறிக்கை அந்தச் சந்தையின் (எஸ்ஜிஎக்ஸ்) இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பட்டியலில் உள்ளவர்கள் கணக்கை வெளியிட்டே ஆகவேண்டும். தனியார் நிறுவனத்தின் கணக்கு என்றால் பெரும்பாலும் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் காசு கொடுத்துத் தேட வேண்டியிருக்கும்.

2011 முதல் சந்தையில் இருக்கும் ஷெங் சியோங் பேரங்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துப் படங்களையும் தலைவர் உரையையும் தாண்டி, நேரே பின்னால் உள்ள நிதிநிலைக் குறிப்புகளுக்குப் போங்கள். சரக்கிருப்பு இரண்டு ஆண்டுகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அப்புறம் என்ன, விற்ற சரக்கின் அடக்கச் செலவைச் சராசரிச் சரக்கிருப்பால் வகுத்தால் சரக்கு ஆண்டுக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்பது வந்துவிடும். ஒரே கோப்பு போதும்.

ஃபேர்பிரைஸுக்கு இது சரிவராது, அது சந்தையில் பட்டியலிடப்படாத கூட்டுறவுச் சங்கம். கிராப் பட்டியலிடப்பட்டிருப்பது அமெரிக்காவின் நாஸ்டாக்கில். அதன் அறிக்கையை அங்கேதான் தேட வேண்டும். ஊழியர் மனநிலை, வாடிக்கையாளர் அனுபவம் மாதிரியான தலைப்பென்றால் ஆண்டறிக்கையை நம்பாதீர்கள். அதில் நல்லதை மட்டும்தான் எழுதியிருப்பார்கள்.