'ரேச்சட் அப் தி பிரஷர்': எங்கே, எப்படி எழுதுவது?

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸ், ஜூரோங் பக்கம் லாரியில் சரக்கு கட்டுபவர்கள் ரேச்சட் பெல்ட்டைத்தான் இழுப்பார்கள். கைப்பிடியை அசைக்க அசைக்க 'டக் டக்'கென்று பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். பின்னால் வழுக்காதபடி சிறு நாக்கு ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். நாக்கை விடுவிக்கும்வரை பெல்ட் இறுகுமே தவிர தளராது. 'ரேச்சட் அப்' (ratchet up) என்ற ஆங்கிலத் தொடர் இந்தக் கருவியிலிருந்து வந்ததுதான். நெருக்குதலைப் படிப்படியாகக் கூட்டுவது, கூட்டியதை விட்டுக்கொடுக்காமல் அடுத்த படிக்குப் போவது என்று பொருள்.

அதனால் ஒரேயொரு நினைவூட்டல் மின்னஞ்சலுக்கு இந்தத் தொடர் ஒத்துவராது. முதலில் கடிதம், அடுத்து கெடு, அதற்கும் அசையாவிட்டால் அபராதம் என்று போகும்போது கச்சிதமாகப் பொருந்தும்.

வாக்கியத்தை இப்படி அமையுங்கள்: 'தி மெயின் கன்ட்ராக்டர் இஸ் ரேச்சட்டிங் அப் தி பிரஷர் ஆன் அஸ் டு ஃபினிஷ் தி பைலிங் பை ஃபிரைடே.' (பைலிங் என்றால் கட்டடத்துக்கு அடித்தளத் தூண் இறக்கும் வேலை.) யாரை நெருக்குகிறார்கள் என்பதற்கு முன்னால் 'ஆன்', என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதற்கு முன்னால் 'டு'.

அதிகம் தவறுவது இந்த 'ஆன்'தான். தமிழில் 'அவருக்கு அழுத்தம் கொடு' என்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'கிவ் பிரஷர் டு ஹிம்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. சிங்கப்பூர்ப் பேச்சில் 'கிவ் பிரஷர்' சகஜம், யாரும் திருத்த மாட்டார்கள். அலுவலகக் கடிதத்திலும் தேர்வுத்தாளிலும் 'புட் பிரஷர் ஆன் ஹிம்' என்றே எழுதுங்கள். கூட்டுவதைச் சொல்ல வேண்டுமானால் 'புட்' இருந்த இடத்தில் 'ரேச்சட் அப்' வரும். 'ஆன்' அப்படியே நிற்கும்.

'இட்' வந்தால் நடுவில் போடுங்கள்: 'ரேச்சட் இட் அப்'. 'ரேச்சட் அப் இட்' பிழை.

எழுத்துக்கூட்டில் 'சி-எச்'சுக்கு முன்னால் ஒரு 'டி' உண்டு. உச்சரிப்பில் அது தனியாகக் கேட்காததால் பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்தகாலத்தில் (ratcheted) சொல்லின் கடைசி 'டி' (t) இரட்டிக்காது, ஏனென்றால் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'டார்கெட்டட்', 'மார்க்கெட்டட்' போலவே. 'பெர்மிட்' வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போவதால்தான் அங்கே 'டி' இரட்டிக்கிறது (permitted).

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய தொடர்கள் இரண்டு. 'ரேம்ப் அப்' (ramp up) என்பதில் சரிவுப்பாதை ஏறும் சீரான ஏற்றம்தான் தெரியும். உற்பத்தி, வேகம், ஆள்சேர்ப்பு போன்றவற்றுக்கு அதுவே நல்லது. 'அப் தி ஆன்டி' (up the ante) போக்கர் சீட்டாட்டத்தில் பணயம் உயர்த்துவதிலிருந்து வந்தது. கோரிக்கையையோ பணயத்தையோ கூட்டும்போது மட்டும் அதை எடுங்கள்.

சப்ளையருக்கே அனுப்பும் மின்னஞ்சலில் 'வீ வில் ரேச்சட் அப் தி பிரஷர்' என்று எழுதாதீர்கள். அது மிரட்டலாக ஒலிக்கும். மேலாளருக்கு நிலவரம் சொல்லும்போது எழுதலாம். சப்ளையரிடம் கெடு தேதியையும், தவறினால் ஒப்பந்தத்தின் எந்த விதி பாயும் என்பதையும் மட்டும் குறிப்பிடுங்கள்.