கார்டிலிருந்து டைம்லைனுக்கு: புது எடிட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணியும் தையும் பிறந்துவிட்டால் ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் எந்த மண்டபமும் சும்மா இருக்காது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் புதிதாக ஒரு தம்பி கேமராவோடு வந்து நிற்கிறான். அடுத்த வாரமே ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ஃபைல் ஓப்பன் ஆக மாட்டீங்குதுங்க" என்கிறான். மினி டிவி (MiniDV) கேசட்டை விட்டுவிட்டு மெமரி கார்டுக்கு மாறியபோது எங்கள் வயசுக்காரர்கள் செய்த அதே தவறுகள். இன்றைக்கு அதற்கெல்லாம் வழி தெரிந்திருந்தும் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரி சார்ஜ், லென்ஸ் துடைப்பது, மைக்கை ஆன் செய்வது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. எடுத்த படம் எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் போய்ச் சேரும் வழியில் நடப்பவை மட்டும்.

எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை ஃபார்மட் செய்வது

இருப்பதிலேயே அதிக நஷ்டம் தருவது இது. இன்னமும் எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி (AVCHD) என்ற வீடியோ பதிவு முறையை அறிவித்தன. இன்றைக்கும் நம் ஊர்களில் கல்யாணம், கோயில் விசேஷம், பள்ளி ஆண்டு விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்டிகேம்களில் பல இந்த முறையில்தான் பதிவு செய்கின்றன. கார்டைத் திறந்தால் பிரைவேட் என்று ஒரு கோப்புறை. அதற்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி. அதற்கும் உள்ளே ஸ்ட்ரீம், கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்று மூன்று. ஸ்ட்ரீமைத் திறந்தால் 00000, 00001 என்ற பெயர்களில் எம்டிஎஸ் கோப்புகள். படமும் சத்தமும் இவற்றில்தான் இருக்கின்றன என்பதால், புதிதாக வருபவர்கள் இவற்றை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டு மற்றதைக் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். பூவை அள்ளிக்கொண்டு நாரை எறிந்துவிட்டால் மாலை எப்படி வரும்?

கோப்புக்கு எதற்கு நார் என்றால், காரணம் கார்டில் இருக்கிறது. 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 அமைப்பில் இருப்பவை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே நீங்கள் ரெக்கார்டு பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தி ஒரு மணி நேரம் எடுத்தாலும், கேமரா அதைத் துண்டு போட்டுத்தான் எழுதும். சில கேமராக்கள் 4 ஜிபியை ஒட்டி வெட்டும், சில 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். நொடிக்கு 24 மெகாபிட் தரத்தில் எடுத்தால் 2 ஜிபி என்பது பதினொரு நிமிடச் சொச்சம்தான்.

அந்த வெட்டு ஒரு ஃப்ரேம் முடியும் இடம் பார்த்து விழுவதில்லை. கொள்ளளவு நிறைந்த இடத்தில் விழுகிறது. ஒரு ஃப்ரேமின் பாதி முதல் கோப்பின் வாலிலும் மீதி அடுத்த கோப்பின் தலையிலும் கிடக்கும். இந்த இரண்டும் ஒரே ஷாட் என்கிற தகவல் எம்டிஎஸ் கோப்புக்குள் இல்லை, பக்கத்துக் கோப்புறைகளில் இருக்கிறது. அவற்றை எறிந்துவிட்டு எம்டிஎஸ்களைத் தனித்தனியாக டைம்லைனில் போட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் சில ஃப்ரேம்கள் காணாமல் போகும், சத்தம் ஒரு கணம் அறுபடும்.

வேறு நிகழ்ச்சியாக இருந்தால் யாரும் கவனிக்காமல்கூடப் போகலாம். நம் ஊரில் எடுப்பதோ வள்ளி கும்மி. அந்தியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு அரங்கேற்றத்தை இரண்டு கேமரா வைத்து எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடிய கும்மி. ஆசிரியர் பாட, ஊரே வட்டமாக நின்று கைதட்டி ஆடுகிறது. கும்மியில் தாளம்தான் உயிர். சில ஃப்ரேம்கள் போனாலும் கை தட்டும் சத்தம் இடறும். அந்த வீடியோவில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கால் பிசகியது போல ஒரு இடறல். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களின் ஆட்டம் அது.

"முழு கார்டையும் காப்பி பண்ணலையா தம்பி?"

"வீடியோ ஃபைல் எல்லாம் எடுத்துட்டனுங்ண்ணா. மத்ததுல ஒண்ணும் இல்லீங்களே, எல்லாம் கேபி கணக்குலதான இருந்துச்சு."

கோப்பு சிறியது என்பதற்காக அதில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்குத் தாங்குவதில்லை.

அவருக்கு நேர்ந்த இன்னொன்று இதைவிட மோசம். இரண்டு கார்டிலும் கோப்புகளின் பெயர் 00000-இலிருந்தே தொடங்கியது. முதல் கார்டை 'கும்மி' என்ற கோப்புறைக்கு இழுத்துப் போட்டார். இரண்டாம் கார்டையும் அதே கோப்புறைக்கு இழுத்தார். இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தட்டிவிட்டார். மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு அதே கார்டுகள் வேண்டுமே, இரண்டையும் ஃபார்மட் செய்து கல்யாணத்தையும் எடுத்துவிட்டார். மேடைக்கு எதிரே வைத்திருந்த முதல் கேமராவின் பதிவில் பெரும்பகுதி போயேபோய்விட்டது. ஃபார்மட் செய்த கார்டிலிருந்து மீட்டெடுக்க மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அதன்மேல் வேறு படம் பதிந்துவிட்டால் அந்த இடத்தில் இருந்ததை எதுவும் கொண்டுவராது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் தேதி, நிகழ்ச்சி, கேமரா எண் போட்டுத் தனிக் கோப்புறை வையுங்கள். கார்டில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை அப்படியே அதற்குள் காப்பி செய்யுங்கள். எடிட்டிங்குக்குள் கொண்டுவரும்போது பிரீமியர் என்றால் மீடியா பிரவுசர் வழியாக, ஃபைனல் கட் என்றால் இம்போர்ட் சாளரம் வழியாக, எடியஸ் என்றால் சோர்ஸ் பிரவுசர் வழியாக எடுங்கள். துண்டுகள் ஒரே கிளிப்பாக வரும். மேக்கில் ஏவிசிஎச்டி கோப்புறை ஒற்றைக் கோப்புபோலத் தெரியும், அதைப் பிரித்துத் தோண்ட வேண்டாம்.

ஏற்கனவே நாரை எறிந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே ஷாட்டின் எம்டிஎஸ் துண்டுகள் வரிசை மாறாமல் கையில் இருந்தால், விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்து, நடுவே கூட்டல் குறி போட்டு ஒன்றாக ஒட்டலாம். இரண்டு கோப்பிலும் பாதிப் பாதியாகக் கிடந்த ஃப்ரேம் மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்தத் தம்பியின் கும்மியில் மிஞ்சிய கேமராவின் பதிவை இப்படித்தான் சரிசெய்தோம். தாளம் திரும்ப வந்தது. முதல் கேமராவின் படம் வரவே இல்லை.

சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் (XAVC S) முறையில் பதியும் கேமராக்களில் எம்4ரூட் என்ற கோப்புறை இருக்கும், எம்பி4 கோப்போடு எக்ஸ்எம்எல் கோப்பும் வரும். அதற்கும் இதே பழக்கம்தான்.

கண்ணில் பட்ட கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவது

கோப்பு திறக்கவில்லை என்றதும் இணையத்தில் கிடைக்கும் இலவசக் கன்வெர்ட்டரை இறக்கி, எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றுகிறார்கள். ஏற்கனவே அழுத்திச் சுருக்கிய படம் இன்னொரு முறை சுருங்குகிறது. பட்டுப்புடவையின் ஜரிகை, மாலையின் மல்லிகை எல்லாம் மழுங்கிப்போகும். 50ஐ (50i) என்ற, ஒரு ஃப்ரேமை இரண்டு பாதிகளாகப் பதியும் முறையில் எடுத்ததை அரைகுறையாக மாற்றினால், பெண் தலை திருப்பும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும்.

முதலில் மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். படம் வந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் டால்பி ஏசி-3 ஒலியைப் படிக்க உங்கள் சாஃப்ட்வேரால் முடியவில்லை என்று பொருள். அதற்குப் படத்தைத் தொடவே வேண்டாம். ஷட்டர் என்கோடர் போன்றவற்றில் படத்தை அப்படியே வைத்து, ஒலியை மட்டும் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக மாற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் திணறுவதால் மாற்றுகிறீர்கள் என்றால், எடிட்டிங்குக்கென்றே இருக்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி, எடியஸின் எச்கியூ போன்றவற்றுக்கு மாற்றுங்கள். மினி டிவி கேசட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாகப் பதிவாகும். ஏவிசிஎச்டியில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சார்ந்தவை. ஒரு ஃப்ரேமைக் காட்டவே கம்ப்யூட்டர் சுற்றியுள்ள பலவற்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. புரோரெஸில் அந்தச் சார்பு கிடையாது, அதனால் ஓடும். இடம்தான் அதிகம் பிடிக்கும்: ஒரு மணி நேர ஏவிசிஎச்டி சுமார் 11 ஜிபி, அதையே 1080 25பி-யில் புரோரெஸ் 422 ஆக்கினால் சுமார் 55 ஜிபி. டிஸ்க்கில் இடமில்லாதவர்கள் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய நகல், போட்டு வேலை செய்யலாம், ஒரிஜினல் அப்படியே இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பெயரை மாற்றுவது

எம்டிஎஸ் என்பதை எம்பிஜி என்று எழுதினால் பெயர்தான் மாறும்.

பெரிய எண்ணாகப் பார்த்து மெனுவில் தேர்ந்தெடுப்பது

புது மிரர்லெஸ் கேமராக்களில் நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 4:2:2 10 பிட் என்று ஒன்று இருக்கிறது. நல்ல தரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எச்.264 என்ற சுருக்கும் முறையில் பதிந்த 4:2:2 10 பிட்டைப் பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகளால் அவிழ்க்க முடியாது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. எச்இவிசி (எச்.265) முறையில் பதிந்த 4:2:2 10 பிட் என்றால் 11-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸரின் உள் கிராஃபிக்ஸே அவிழ்க்கும், ஆப்பிளின் எம்1-உம் அவிழ்க்கும். இது தெரியாமல் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிப் போட்டுவிட்டு, இணைச்சீர் காட்சி திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) போட்டு எடுத்துக் கலர் கிரேடிங் செய்யப் போவதில்லை என்றால், மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு 8 பிட் 4:2:0 தாராளமாகப் போதும்.

பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரை வாங்குவது

கொஞ்சம் விலை குறைவு என்று கடைக்காரர் தள்ளிவிடுவார். அதில் உள் கிராஃபிக்ஸ் இல்லை, ஆகவே வீடியோவை வேகமாக அவிழ்க்கும் குயிக் சிங்க் வசதியும் இல்லை. எடியஸ் பல பதிப்புகளாக நம்பியிருந்ததே அதைத்தான். வாங்காதீர்கள்.

கிராக் சாஃப்ட்வேர்

அப்டேட் வராது. புது ஃபார்மட் திறக்காது.

போன் கிளிப்பையும் கேமரா கிளிப்பையும் பார்க்காமல் கலப்பது

மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்ததைக் கொடுத்து, இதையும் சேருங்கள் என்பார்கள். நம் கேமரா 25 அல்லது 50, அவர்கள் போன் 30. அதுவும் நிலையான 30 இல்லை, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். மீடியா இன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்று காட்டும். அதை அப்படியே போட்டால் போகப்போக உதடும் பேச்சும் விலகும், மங்கல வாழ்த்துப் பாடுபவர் வாய் மூடிய பிறகும் பாட்டு கேட்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' கொடுத்து மாற்றிக்கொண்டு அப்புறம் சேருங்கள். டைம்லைனில் முதலில் இழுத்துப் போடும் கிளிப் கேமராவினுடையதாக இருக்கட்டும். பல சாஃப்ட்வேர்கள் முதல் கிளிப்பை வைத்துத்தான் புராஜெக்ட் செட்டிங்கை முடிவு செய்கின்றன.

கேமரா வாங்கிய பிறகு சாஃப்ட்வேரைப் பற்றி யோசிப்பது

கோவையிலோ ஈரோட்டிலோ கடைக்குப் போகும்போது சொந்தக் கார்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். நீங்கள் எடுக்கப்போகும் அதே செட்டிங்கில், கோப்பு குறைந்தது ஒரு முறையாவது துண்டாகும் அளவுக்கு நிற்காமல் ஓடவிடுங்கள். கேமராவைக் கடையிலேயே விட்டுவிட்டு, கார்டை வீட்டுக்கு எடுத்து வந்து உங்கள் சாஃப்ட்வேரில் போட்டு, இரண்டு லேயர் வைத்து வெட்டி, டிசால்வ் கொடுத்து, ரெண்டர் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு.