எட்டுப் பல்லும் போட்ட நாம்பனை வண்டிக்குப் பழக்க

வட இலங்கையின் வன்னிப் பட்டிகளில் மேய்ச்சலோடு வளர்ந்த நாம்பனுக்கு (இளங்காளைக்கு) எட்டுப் பல்லும் போட்டு, நாலைந்து வயதுக்குப் பிறகு நாணயக்கயிறு (மூக்கணாங்கயிறு) குத்தினால், கன்றிலிருந்து கையில் வளர்ந்ததைப்போல உடனே வண்டியில் பூட்ட முடியாது. அதற்கு வலு அதிகம், மனிதரை அண்டவிட்ட பழக்கமும் இல்லை. மூக்குப் புண் முழுதாக ஆறும்வரை கயிற்றை இழுக்கவே கூடாது. நோவோடு படித்த மாடு பிறகு கயிற்றைத் தொட்டாலே தலையை எறியும்.

முதலில் ஒரே ஆள்தான் தண்ணியும் தவிடும் வைக்கவேண்டும். நேர் பின்னால் மாட்டுக்குக் கண் தெரியாது, உதைப்பது அதனால்தான். குரல் கொடுத்துக்கொண்டு தோள்பக்கமாகப் போய் கழுத்தையும் அதன்கீழ் தொங்கும் அலைதாடியையும் சொறிந்துவிடுங்கள். தலையைத் தாழ்த்தி நின்று தரும்வரை நுகத்தைக் காட்டவேண்டாம்.

பிறகு பழகின, நிதானமான கிழ எருதோடு வெறும் நுகத்தில் பூட்டி, அரிவு வெட்டின வயலில் காலை வெயில் ஏறமுன் அரைமணி நேரம் நடத்துங்கள். அடுத்தது சின்ன மரக்கட்டை, அதற்குப் பிறகுதான் வெறும் வண்டி. ஒவ்வொரு படியிலும் பல நாள் நிற்பது நல்லது.

படுத்துவிட்டால் வாலை முறுக்கவோ கேட்டியால் (மாடு ஓட்டும் கம்பால்) அடிக்கவோ வேண்டாம்; பாரமோ நேரமோ கூடிப்போயிருக்கும். ஆனால் படுத்த இடத்தில் அவிழ்த்தும் விடாதீர்கள், படுத்தால் விடுதலை என்று படித்துவிடும். எழும்பி நாலு அடி நடந்தபின் அவிழுங்கள்.

மாரியில் தொடங்கவேண்டாம். நனைந்த கழுத்தில் நுகம் கெதியாகப் புண்ணாக்கும். கழுத்து வீங்கினால் வீக்கம் வற்றும்வரை ஓய்வு.