பழைய படம் பார்க்கச் சொல்கிறவர்கள் செய்யும் தப்பு

யாங்கோனில் நம்ம வீடுகளில் பழைய படப் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழுவது ‘பராசக்தி’. கதையில் ரங்கூன், அதாவது நம்ம யாங்கோன் வருகிறதே, விடுவோமா! 1952இல் வந்தது, சிவாஜிக்கு முதல் படம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ரங்கூனில் இருக்கும் அண்ணன்மார், மதுரையில் தங்கச்சி கல்யாணம். அக்கா மகனை நானும் அப்படித்தான் பிடித்து உட்காரவைத்தேன். ரங்கூன் சீக்கிரமே முடிந்துபோகிறது, மற்றதெல்லாம் தமிழ்நாடு. பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளைக்குக் கலைஞரின் அடுக்கு வசனம் எங்கே பிடிபடும்? கோர்ட் காட்சியில் எனக்குப் புல்லரித்தது. அவன், “மாமா, இவரு என்னதான் செஞ்சாரு?” என்றான்.

ஊர்ப் பாசத்தில் படம் எடுத்துக் கொடுத்தது என் தப்பு. எதிரில் இருப்பவர் காதில் எவ்வளவு தமிழ் ஏறும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) போட்டேன். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தில் பாஷையே வேண்டாம். நாகேஷ் வாயாலேயே சத்தமெல்லாம் கொடுக்க, பாலையா முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். பையன் அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டான்.

‘அந்த நாள்’ (1954) சொல்லும்போது இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். “பாட்டே கிடையாது” என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கொன்றது யார் என்று உளறினால் மீதிப் பேருக்குப் படமே இல்லை. ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போட்ட சமயத்தில் ஒரு ரேடியோ இன்ஜினியரைச் சுட்டுவிட்டார்கள், விசாரணையில் ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்கிறார்கள். இவ்வளவு போதும். குண்டுக்குப் பயந்து ஓடிய கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்காத வீடு நம்மிடம் ஏது?

‘உதிரிப்பூக்கள்’ (1979) மாதிரிப் படத்தை “கலைப்படம்” என்று சொல்லி வைக்காதீர்கள், பிள்ளைகள் பக்கத்திலேயே வரமாட்டார்கள்.

டிவியையும் கவனியுங்கள். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 4:3 சட்டத்தில் எடுத்தவை. புது டிவியில் திரை முழுக்க இழுத்துவிட்டால் சிவாஜி முகம் இட்லி மாதிரி அகன்றுவிடும், மேலும் கீழும் வெட்டினால் தலையே போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். அப்புறம், படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். நம்ம ஊர் கரண்ட் இடைவேளை வரைக்கும் காத்திருக்காது.